காளியண்ணனின் துப்பாக்கி

"சந்தனம் இறுகிப் போச்சு அம்சா, கொஞ்சம் தண்ணி விடு" என்றார்.

செம்பிலிருந்து விரலால் நாலு சொட்டுத் தெளித்தேன். குழைத்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஸ்பானர்களுக்குப் பொட்டு வைக்க ஆரம்பித்தார். 1978ஆம் வருடம், ஆயுத பூஜை, காலை பத்து மணி இருக்கும். தேயிலை ஃபேக்டரிக்கு அன்று விடுமுறை. என் வீட்டுக்காரர் அங்கே ஃபிட்டர். பெயர் தங்கையா. நான் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள்.

வாசல் கதவைத் தாழிட்டிருந்தோம். ஆயுத பூஜை அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். சுத்தியலுக்கும் மரம் வெட்டும் கத்திக்கும் நடுவில் பழைய செய்தித்தாள் மேல் ஒரு துப்பாக்கி கிடந்தது. அதனால் சாத்தியிருந்தோம்.

அது எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

துப்பாக்கிகள் மேல் அவருக்கு ஆசை வந்தது பெரிய துரை பங்களாவில். தோட்ட மேனேஜரான அந்த வெள்ளைக்காரத் துரை ஆறு பழைய துப்பாக்கிகளைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் உண்டு. மாதம் ஒரு முறை எண்ணெய் போட இவரைக் கூப்பிடுவார். இவர் துடைத்துவிட்டு வருவதோடு நிற்கவில்லை. இரும்பில் எங்கே தேய்ந்திருக்கிறது, மரத்தில் எங்கே கை பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லுவார். அவர் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அதனால் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பேன். ஒரு துப்பாக்கிக்கு நாலைந்து பக்கம்.

ஒரு கைத்துப்பாக்கியின் பிடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. "இத வச்சிருந்தவன் இடது கைக்காரன்" என்றார். துரையிடமும் சொல்லியிருக்கிறார். துரை சிரித்துவிட்டு, அதை விற்ற இங்கிலாந்துக் கடைக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதை வைத்திருந்த அதிகாரிக்கு ஏதோ ஒரு சண்டையில் வலது கை போய்விட்டதாம். அன்று முதல் துரை இவரை மிஸ்டர் தங்கையா என்று கூப்பிட ஆரம்பித்தார். லயத்தில் அதை வைத்து ஒரு வருடம் கேலி நடந்தது.

துரை தன் நாட்டுக்கே திரும்பியபோது துப்பாக்கிகளைப் போலீசில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இவர் துண்டுகளாகச் சேர்க்கத் தொடங்கினார். தாப்பா டவுன் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு விசை, காட்டுப் பழங்குடி ஓராங் அஸ்லி ஒருவர் கொடுத்த பித்தளைத் தகடு, காய்கறித் தோட்டத்தில் மண்வெட்டியில் மாட்டிய உடைந்த குழல். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும்.

"துண்டா இருந்தா இரும்பு. முழுசா இருந்தாத்தான் துப்பாக்கி" என்பார்.

அது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். நாட்டின் சட்டம் வேறு மாதிரி இருந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகள் இன்னும் இருந்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத் தூக்கு என்று லயத்தில் எல்லாரும் பேசிக்கொள்வார்கள். எந்தத் துப்பாக்கிக்குத் தூக்கு, எதற்குச் சிறை என்றெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தூக்கு என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

அந்தச் செப்டம்பரில் கம்போங் ராஜாவிலிருந்து மாடசாமி ஆள் அனுப்பினார். அங்கே முட்டைக்கோஸ் போடுகிறவர். மேட்டைப் படியாக வெட்டும்போது தார் பூசிய கித்தான் சுருள் ஒன்று கிடைத்ததாம், உள்ளே துப்பாக்கியாம். உடனே வந்து எடுத்துப் போகாவிட்டால் ஆற்றில் போட்டுவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாகப்பனின் லோரியில் போனோம். நாகப்பன் காய்கறி ஏற்றும் டிரைவர், இவரை அண்ணே என்று கூப்பிடுகிறவன். பெண் ஒருத்தி கூட இருந்தால் வழியில் ராணுவம் நிறுத்தாது என்று அவன் சொன்னதால் நானும் போனேன்.

கித்தானைப் பிரித்தோம். ஏறக்குறைய என் உயரத்துக்கு ஒரு நாட்டுத் துப்பாக்கி. வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டிக் குண்டைப் போட்டுக் கெட்டிக்கிற பழைய ரகம். குழலின் வாயைக் குங்கிலியமும் மெழுகும் வைத்து அடைத்திருந்தது. விசைக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு சின்னக் கிண்ணி. அதில் துளி மருந்து வைத்து, சிக்கிமுக்கிக் கல் உரசி விழும் பொறியில் பற்ற வைப்பார்களாம். கல் இருக்க வேண்டிய இடத்தில் கல் இல்லை.

பிறகு அடிக்கட்டையைத் திருப்பினார். மரத்தில் கத்தி முனையால் தமிழில் செதுக்கியிருந்தது: காளியண்ணன்.

"நம்ம ஆளு" என்றார். "அம்சா, பாத்தியா, நம்ம ஆளு துப்பாக்கி."

ஐந்து வருடமாக நான் எழுதிய நோட்டில் ஒரு தமிழன் பெயர் வந்ததில்லை. அதனால்தான் அவரை நான் அங்கேயே தடுக்கவில்லை.

அவரைக்கொடிக்கு ஊன்றும் கழிகளை ஒரு கட்டாகக் கட்டி, நடுவில் துப்பாக்கியைச் செருகி லோரியில் ஏற்றினோம். கோலா தெர்லாவுக்கு அருகில் ரோட்டை மறித்து ராணுவம் நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. சின்ன வயதுச் சிப்பாய் ஒருவன் பின்னால் ஏறி முட்டைக்கோஸ் கூடைகளைக் காலால் தள்ளிப் பார்த்தான். பிறகு கழிக் கட்டைக் காட்டி என்ன என்று கேட்டான்.

"காயு, என்சே. காயு காச்சாங் லா" என்றான் நாகப்பன் மலாயில். அவரைக்கு ஊன்றுகிற கம்பு.

சிப்பாய் கையிலிருந்த துப்பாக்கி முனையால் கட்டைத் தட்டினான். மரச் சத்தம். இன்னொரு தட்டு. மரச் சத்தம். மூன்றாவது தட்டுக்கு அவன் கை போனபோது நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். அவன் என் பக்கம் திரும்பினான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இறங்கி, போ என்று கையைக் காட்டினான்.

ஒரு மைல் தாண்டியதும் நாகப்பன் சிரித்துக்கொண்டே சொன்னான். "அண்ணே, இனிமே அண்ணி இல்லாம நான் லோரியே எடுக்கமாட்டேன். பல்லு வலிக்காரி மாதிரி ஒரு மூஞ்சிய வச்சிருந்தாங்க பாருங்க, அவனுக்கே பாவமாப் போச்சு."

இவர் சிரிக்கவில்லை. "நாப்பது வருசமாவது இருக்கும் நாகப்பா. யாரு இந்த ஆளு? எதுக்குப் பொதைச்சான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் போலீஸ் ஸ்டேசனில் கொடுத்துவிடச் சொன்னேன். தோண்டும்போது கிடைத்தது என்றால் நம்புவார்கள், ஒரு நாள் தாமதித்தால் ஒரு நாள் கேள்வி என்றேன். அவருக்கும் அது தெரியும். கொடுத்துவிட்டால் அதை உடைத்துப் போடுவார்கள், பெயரும் அதோடு போய்விடும் என்பது அவர் கவலை. "யாருன்னு மட்டும் தெரிஞ்சிடட்டும். அடுத்த நாளே கொடுத்துடுறேன்."

கட்டிலுக்கு அடியில் பலகையைப் பெயர்த்து அங்கே வைத்தோம். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பார்ப்பார், சொல்லுவார், நான் எழுதுவேன். வாய் அடைப்பை உருக்கி எடுத்தார். ஒரு கம்பியை உள்ளே விட்டு, நின்ற இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்து அளந்தார். கம்பி நாலு விரல் அளவு குறைவாக நின்றது. உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது.

"மருந்தா இருந்தா?" என்று கேட்டேன்.

"நாப்பது வருசம் மண்ணுக்குள்ள கெடந்த மருந்து இந்நேரம் சேறாயிருக்கும். அதுவும் கல்லே இல்லாத துப்பாக்கி. நெருப்புக்கு எங்க போவ?"

அதைத் தோண்டி எடுக்கத் திருகு மாதிரி ஒரு கருவி வேண்டும் என்றார். ஃபேக்டரி லேத் மெஷினில்தான் செய்ய வேண்டும். யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்பார்களே என்று தள்ளிப் போட்டார். ஆனால் கிண்ணிக்கும் குழலுக்கும் நடுவில் இருந்த ஊசித்துளையில் மெழுகு அடைத்திருந்ததை என் தையல் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். ஊசி உள்ளே நுழைந்ததும் குழந்தை மாதிரி சந்தோசப்பட்டார்.

காளியண்ணனைத் தேடுவதுதான் கஷ்டமாக இருந்தது. மாடசாமியின் நிலம் அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தின் வடக்கு டிவிசனாக இருந்தது. ஆபீசில் பழைய பதிவுகள் இருக்கலாம். ஆனால் ஆபீசில் கேட்டால், அந்தப் பேர் உனக்கு எதற்கு என்று கணக்கெழுதும் கிராணி கேட்பார். அதனால் பக்கத்து ஊரான கியா பார்ம் கடைகளிலும், கோயிலிலும், கல்யாண வீடுகளிலும், சொந்தக்காரனைத் தேடுவது மாதிரி பேச்சோடு பேச்சாகக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவர் கேட்டது மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பூஜைக்கு நாலு நாள் முன்னால் இராமையா கங்காணி வீட்டுக்கு வந்தார். ஊரில் என்ன நடந்தாலும் ஸ்டேசனில் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். வந்தவர் நேராகக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் காப்பி கொண்டுவந்தேன். 

"என்னா தங்கையா, காளியண்ணன்னு யாரையோ தேடுறியாமே?"

"ஆமா மாமா. எங்கப்பா வழியில தூரத்துச் சொந்தம்."

"உங்கப்பன எனக்குத் தெரியும்டா. அவருக்கு நீ ஒருத்தன், ஊருல ஒரு தங்கச்சி. தூரம் ஏது, சொந்தம் ஏது?" காப்பியை ஆற்றிக் குடித்தார். "ஸ்டேசன் சார்ஜன் என்னையக் கேட்டாரு. காட்டுக்குள்ள இருக்கவன் எவனுக்காச்சும் அந்தப் பேரான்னு. நான் சொன்னேன், இல்ல சார், அவன் பழைய கதை கேக்குற பைத்தியம்னு. ஒரு வாட்டி சொல்லலாம். ரெண்டாவது வாட்டி வீட்டப் பாக்க வருவாங்க."

கால்களை ஆட்டிக்கொண்டே இருந்தார். குதிகால் கட்டிலின் கீழே பெயர்த்த பலகைக்கு மேலே போய் வந்துகொண்டிருந்தது. போகும்போது வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "ஏம்மா, வீட்டுல ஏதாச்சும் இருந்தா சீக்கிரம் வெளிய தள்ளு."

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. காளியண்ணனோ நானோ, ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஸ்டேசனில் கொடுத்துவிடுவதாக என் தலையில் கை வைத்துச் சொன்னார். நாகப்பன் லோரியில் கொண்டுபோவதென்றும், மாடசாமி அன்றுதான் கண்டெடுத்ததாகச் சொல்வதென்றும் முடிவானது. நான் நாட்களை எண்ணினேன். நாய் குரைத்தால் எழுந்து நின்றேன்.

பூஜை அன்று காலை அவரே துப்பாக்கியை வெளியே எடுத்தார். "எதுக்குங்க இது?" என்றேன்.

"நாளைக்குப் போயிடும். ஒரு வாட்டி பொட்டு வச்சு அனுப்புவோம். அந்த ஆளு போன பின்னால இதுக்கு யாரு பூசை செஞ்சிருக்கா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாள்தானே, நாளை இந்நேரம் வீட்டில் எதுவும் இருக்காது என்ற நிம்மதியில் சரி என்றேன். நாகப்பன் லோரிச் சாவியைப் பூஜையில் வைக்க வந்திருந்தான். அவன் உள்ளே வந்ததும் தாழ் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்குத் தட்டில் மட்டும் சூடம் காட்டுவதில்லை. ஒவ்வொரு சாமானின் மேலும் ஒரு வெற்றிலை, வெற்றிலை மேல் ஒரு வில்லைச் சூடம். வீட்டுப் பெண் வரிசையாக ஏற்றிக்கொண்டே வரவேண்டும். கத்திக்கு, சுத்தியலுக்கு, வைஸ் இடுக்கிக்கு, என் தையல் கத்தரிக்கு ஏற்றினேன். துப்பாக்கிக்கு வந்தபோது குழல் உருண்டையாக இருந்ததால் வெற்றிலை நிற்கவில்லை. இரண்டு தடவை வைத்தேன். இரண்டு தடவையும் வழுக்கி விழுந்தது.

விசைக்குப் பக்கத்தில் அந்தக் கிண்ணி இருந்தது. அகல் மாதிரி, அதற்கென்றே செய்து வைத்தது மாதிரி. சூடத்தை அதில் வைத்துப் பற்ற வைத்தேன்.

அவர் குழலின் வாய்ப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து எலுமிச்சம்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். சூடம் மற்றவை மாதிரியே சாதாரணமாக எரிந்தது. மணியை எடுக்க நான் திரும்பினேன்.

சத்தத்தை விட வெளிச்சம்தான் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு வீடு முழுதும் வெள்ளைப் புகை. புகைக்குள் நாகப்பன் "அண்ணே, அண்ணே" என்று கத்தினான்.  நான் தவழ்ந்து போய்த் தொட்டபோது அவர் மார்பு நனைந்திருந்தது. என் கையில் சந்தனமும் இருந்ததால் முதலில் எது என்று எனக்குப் புரியவில்லை.

கதவை உடைத்துக்கொண்டு முதலில் வந்தவர் இராமையா கங்காணி. கீழே கிடந்தவரைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், என் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்னால் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. குனிந்து என் காதருகில் சொன்னார்: "சூடம் ஏத்துனது அவன். வெளங்குதா? அவன் கொண்டாந்தான், அவன் ஏத்துனான். நீ அடுப்படியில இருந்த." நாகப்பனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலையாட்டினான்.

ஸ்டேசனில் மூன்று நாள் விசாரித்தார்கள். துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். யார் சூடம் ஏற்றியது என்று தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் கேட்டார்.

"அவரு" என்றேன்.

இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் அவரு என்றேன். அதைத் தட்டச்சுச் செய்து என்னிடம் கொடுத்தார்கள். தமிழில் கையெழுத்துப் போட்டேன். குற்றவாளி இறந்துவிட்டதால் விவகாரம் அதோடு முடிந்தது. பிஸ்கட் டின்னையும் துப்பாக்கியையும் எடுத்துப் போனார்கள். நோட்டுப் புத்தகம் பிள்ளைக் கொட்டகையில் வருகைப் பதிவுகளோடு இருந்ததால் தப்பியது.

தான் ஆசையோடு துடைத்த துப்பாக்கிக்குள் மருந்து இருப்பது தெரியாமல் தன் கையாலேயே நெருப்பு வைத்துக்கொண்ட மடையன் என்று லயத்தில் அவரைப் பற்றி ரொம்ப நாள் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுத்தால் நாகப்பனும் மாட்டுவான், மாடசாமியும் மாட்டுவார். அவர்கள் இரண்டு பேரும் இப்போது இல்லை. கங்காணியும் போன வருடம் இறந்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். சூடம் ஏற்றியது நான்.

1984இல் தோட்டத்துப் பழைய ஸ்டோரை இடித்தார்கள். ஆபீசில் புதிதாக வேலைக்கு வந்திருந்த நவமணி என் கொட்டகையில் வளர்ந்தவள். அவள்தான் ஓடி வந்து சொன்னாள். "அத்த, பழைய புக்கெல்லாம் எரிக்கப் போறாங்க. நீங்க பழசு எதையோ தேடுவீங்கன்னு அம்மா சொல்லுமே, வந்து பாருங்க."

இரண்டு நாள் பார்த்தோம். கறையான் தின்றது போக மிச்சமிருந்தவற்றில் தோட்டச் சாமான்களை யாருக்குக் கொடுத்தார்கள் என்று எழுதிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. எல்லாம் ஆங்கிலம். நவமணி விரல் வைத்துப் படித்துச் சொன்னாள். ஓர் அரிக்கன் லாந்தர், ஒரு கோடாலி, ஒரு வடக் கயிறு. ஒவ்வொன்றுக்கும் நேராக வாங்கியவர் பெயர், கொடுத்த தேதி, திருப்பிய தேதி. 1941 டிசம்பர் மாதப் பக்கத்தில் அவள் நிறுத்தினாள்.

"பழைய துப்பாக்கி ஒன்னு, மருந்து, குண்டு. காளியண்ணன், வடக்கு டிவிசன் காவல்காரர். பன்னி வெரட்டன்னு போட்டிருக்கு அத்த."

அது ஜப்பான்காரன் நாட்டுக்குள் வந்த மாதம். துப்பாக்கியோடு பிடித்தால் தலையை வெட்டிவிடுவார்கள் என்று அப்போதும் பேசியிருப்பார்கள். சண்டை முடிந்ததும் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று, கெட்டித்த மருந்தை எடுக்கக்கூட நேரமில்லாமல், ஈரம் ஏறாமல் வாயையும் ஊசித்துளையையும் மட்டும் மெழுகால் அடைத்துப் புதைத்திருக்கிறார். இது என் ஊகம்தான். ஆனால் அந்தப் பெயருக்கு இடமும் வேலையும் கிடைத்துவிட்டன. நோட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் இருந்து சொல்ல அவர் இல்லாததால், எழுதி முடிக்க நேரமானது.

அந்தப் பக்கத்தில் லாந்தர் திரும்பியிருந்தது, கோடாலி திரும்பியிருந்தது, கயிறுகூடத் திரும்பியிருந்தது. துப்பாக்கிக்கு நேராக மட்டும் ஒன்றும் இல்லை. நவமணி பேனாவைத் திறந்தாள்.

"போலீஸ் எடுத்துட்டுப் போன தேதியப் போட்டுடவா அத்த?"

வேண்டாம், காளியண்ணன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லையே என்றேன். புத்தகத்தை எரிக்காமல் ஆபீஸ் அலமாரியில் வைத்துவிட்டாள். போன வாரம்கூடப் போய்ப் பார்த்தேன். திருப்பிய தேதி என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.